பால்குடிப் பிள்ளைக்கும் பங்கு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். வெளியூர் வணிகர் கூட்டமொன்று மதீனாவுக்கு வந்து தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அவர்கள் சரக்குக்குத் திருட்டு பயம் நேர்ந்துவிடக் கூடாதே என்று கலீபா அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபு (ரலி) அவர்களும் இரவில் காவலிருந்தார்கள். அப்போது ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கலீபா அவர்கள் எழுந்து போய், பிள்ளையைக் கவனிக்கும்படி தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை. மீண்டும் போய்ச் சொன்னார்கள். இரவு கழியும் வேளையில் மூன்றாம் முறையும் அதே அழுகை கேட்டது. அவர்களுக்குக் கோபமே வந்துவிட்டது. நீ எப்படிப்பட்ட தாயம்மா என்று கேட்டுவிட்டார்கள்.

வந்திருப்பவர் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி சொன்னாள். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், அது மறுத்து அழுகிறது என்றாள். இத்தனை சிறு வயதில் ஏன் மறக்கடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் மானியம் கொடுக்கிறார் என்றாள்.

அன்று சுப்ஹுத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லையாம். அவ்வளவு அழுகை! தொழுகை முடிந்ததும் ஊரெங்கும் அறிவிக்கச் செய்தார்கள்: யாரும் பிள்ளைக்கு அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இனிமேல் மானியம் உண்டு.

இந்தச் சரித்திரத்தை நாம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கலீபாவின் எளிமைக்கும் இரக்கத்துக்கும் உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இன்னொரு விஷயத்தையும் இதில் கவனியுங்கள். முதலில் போட்ட சட்டம் கெட்ட சட்டம் அன்று. பிள்ளைகளுக்கு உதவும் நல்ல சட்டம்தான். உதவி எந்த வயதில் தொடங்குகிறது என்று கோடு கிழித்த இடத்தில்தான் ஒரு பச்சைப் பிள்ளையின் வாயிலிருந்து பால் பிடுங்கப்பட்டது. அந்தக் கோளாறு பைத்துல்மாலின் கணக்கேட்டில் தெரியவில்லை. இருட்டில் நடந்து போய்த் தாயிடம் நேரில் கேட்டபோதுதான் தெரிந்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, உடலிலோ அறிவிலோ பேச்சிலோ குறையோடு வளரும் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றியும் அவர்களைப் பெற்றவர்களைப் பற்றியும். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று நம் சங்கத்தில் சிறிது காலமாகப் பேச்சு நடக்கிறது. நிதி திரட்டலாம் என்கிறார் ஒருவர். இடம் பிடித்து நிலையம் ஒன்று தொடங்கலாம் என்கிறார் மற்றொருவர். நான் மதரஸாவும் தொடக்கப்பள்ளியும் படித்தவன். வயிற்றுப் பிழைப்புக்கு மளிகைக் கடை. பெரிய திட்டங்களுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தெரியும் சில விஷயங்கள் உண்டு.

இருபது வருஷமாகத் தாய்மார்கள் என் கடைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். மிட்டாய்ப் புட்டியைக் கைநீட்டிக் காட்டாமல், தாயின் கையைப் பிடித்து அதன் மேல் கொண்டு போய் வைக்கும் பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை இல்லை. தாய் முகத்தில் கவலை தெரிகிறது. கூட வரும் பாட்டியோ, இவன் அத்தாவும் நாலு வயசிலேதான் பேசினான், சும்மா இரு என்கிறார். அதற்கு மேல் அந்தப் பெண் வாய் திறப்பதில்லை. ஊரிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். இங்கே அவளுக்குச் சொந்தம் என்று யார் இருக்கிறார்கள்? மருமகளால்தான் இப்படி என்று வீட்டில் ஒரு சொல் விழுந்துவிட்டால் அதைத் தாங்க அவளால் முடியுமா?

இது கண்ணேறு என்பார்கள் சிலர். ஜின்னின் வேலை என்பார்கள் வேறு சிலர். தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், ஊருக்குப் போய் வரச் சொல்வார்கள். ஓதுவதை நான் குறை சொல்லவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடலாமா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்றல்லவா நம் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள்? வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட நாட்டுப்புறத்தாருக்கும் செய்துகொள்ளுங்கள் என்றே சொன்னார்கள். ஓதிய தண்ணீரும் கொடுப்போம், டாக்டரிடமும் காட்டுவோம். ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை ஒரு வருஷம் தள்ளிப் போடுவதுதான் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு வருஷத்தில் என்ன போய்விடும் என்று கேட்கலாம். பெரியவர்களாகிய நமக்கு ஒன்றும் போய்விடாது. பிள்ளைக்கு அப்படியன்று. முதல் மூன்று ஆண்டுகளில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. கேட்பதும் பார்ப்பதும் தொடுவதும் அப்போதுதான் அதில் வழி வெட்டுகின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காது கேளாத பிள்ளைகளைப் பற்றி கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோ என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்து ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உடனே உதவி பெற்ற பிள்ளைகள், அதற்குப் பிறகு கண்டறியப்பட்ட பிள்ளைகளைவிட மொழியில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளையானாலும் பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும் அதே பலன்தான். இன்று நம் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பிறந்ததும் காதைச் சோதித்துவிடுகிறார்களே, அதன் அவசியம் இதனால் விளங்குகிறது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியை இந்த இடத்தில் சொல்லித் தாய்மாரைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது வேண்டாத பேச்சு. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளையும் கற்கும், பத்து வயதுப் பிள்ளையும் கற்கும். சீக்கிரம் தொடங்கினால் சிரமம் குறையும், பலன் கூடும் என்றுதான் சொல்கிறேன்.

எதைக் கண்டு சந்தேகப்பட வேண்டும்? டாக்டர்கள் சொல்லும் சில அடையாளங்களைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஒன்பது மாதத்தில் உட்காராத பிள்ளை. ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பாத, விரலால் எதையும் சுட்டிக் காட்டாத, கையாட்டாத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் நடக்காத, ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பிள்ளை. இரண்டு வயதில் ‘பால் வேணும்’ என்பதுபோல் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை. எல்லாவற்றையும்விட முக்கியம், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால், அது எந்த வயதானாலும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று இருப்பதாலேயே குறை என்று முடிவாகிவிடாது. காட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

காட்டுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், புக்கிட் தீமா சாலையில் கேகே மருத்துவமனை இருக்கிறது. 1997-க்கு முன் அது எதிர்ப்புறத்தில் ஹேம்ப்ஷயர் ரோட்டில் இருந்தபோது, கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1966-ஆம் ஆண்டில் மட்டும் நாற்பதாயிரத்திற்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள்; உலகத்திலேயே அதிகம் என்று சாதனைப் புத்தகத்தில் ஏறிய ஆஸ்பத்திரி அது. நம்மில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்தாம். இப்போது அங்கே பிள்ளை வளர்ச்சிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அப்படி ஒன்று உண்டு. வழக்கமாக முதலில் போக வேண்டிய இடம் பலதுறை மருந்தகம் அல்லது வீட்டருகே உள்ள டாக்டர். பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் புத்தகத்தில், எந்தெந்த வயதில் வளர்ச்சிச் சோதனை செய்ய வேண்டும் என்று அச்சடித்தே இருக்கிறது. பலர் தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை.

டாக்டர்கள் பார்த்து உதவி தேவை என்று முடிவு செய்தால், 2013-இல் தொடங்கிய எஸ்ஜி எனேபல் என்னும் அமைப்பின் வழியாகப் பிள்ளையின் பெயர் ‘ஈபிக்’ என்று சொல்லப்படும் ஆரம்பகாலப் பயிற்சி நிலையத்திற்குப் போகும். ஆறு வயது வரைக்குமான பயிற்சி அது. இத்தகைய நிலையங்கள் தீவின் பல பகுதிகளில் இருக்கின்றன. ரெயின்போ, அவ்வா, எஸ்பிடி, தை ஹுவா குவான், ஃபெய் யூ என்று பல தொண்டு அமைப்புகள் நடத்துகின்றன. வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் அரசாங்கம் சலுகை கொடுக்கிறது. குடிமக்களின் பிள்ளைகளுக்குச் சலுகை அதிகம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று 2019 முதல் தனி ஏற்பாடு உண்டு. அதில் தாயோ தகப்பனோ பாட்டியோ பிள்ளையோடு கூடவே உட்கார்ந்து தாமும் கற்றுக்கொள்ள வேண்டும். பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அங்கேயே உதவி கிடைக்க வழியிருக்கிறது. 2023 முதல் ஒவ்வொரு பாலர் பள்ளியும் இதற்கென ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. நம் பிள்ளையின் பள்ளியில் அவர் யார் என்று கேட்பது பெற்றவர் உரிமை.

இவ்வளவும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. 1951-இல் பார்வையற்றோருக்கும், 1955-இல் செவிப்புலன் குன்றியோருக்கும், 1957-இல் மூளை வாதம் கண்ட பிள்ளைகளுக்கும், 1962-இல் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கும் இங்கே சங்கங்கள் ஏற்பட்டன. பெற்றவர்களும் நல்லெண்ணம் கொண்டவர்களும் கதவு கதவாகத் தட்டிச் சேர்த்த காசு அது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. விலக்கு என்றால் சலுகை என்று எண்ணாதீர்கள். கணக்கில் சேராதவர்கள் என்றே பொருள். 2019-இல் தொடக்கநிலை ஒன்றில் சேரும் பிள்ளைகள் முதற்கொண்டு அந்த விலக்கு நீங்கிற்று. உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில் நகர்த்திய கோட்டை நகர்த்த நமக்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின!

ஆகையால் நிலையம் கட்டும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. நிலையங்கள் இருக்கின்றன, நம்மைவிடத் திறமையாக அவர்கள் நடத்துகிறார்கள். நம் வீட்டு வாசலுக்கும் அந்த வாசலுக்கும் இடையே உள்ள பாதையில்தான் நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். சந்தேகம் வந்த நாளிலிருந்து மாமியாரிடம் சொல்ல ஒரு மாதம். புருஷன் ஒப்புக்கொள்ள மூன்று மாதம். டாக்டர் சீட்டு கிடைக்க, சோதனை முடிய, இடம் காலியாக என்று மேலும் பல மாதம். பிந்திய தாமதம் நம் கையில் இல்லை. முந்திய தாமதம் முழுக்க முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

இடம் கிடைக்கும் வரை வீட்டில் சும்மா உட்கார வேண்டியதும் இல்லை. கடையநல்லூர், தென்காசிச் சகோதரர்களுக்கு ஆய்க்குடியைத் தெரியாமல் இருக்காது. அங்கே 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வு ஒன்றில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர். 2020-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. அவருடைய சங்கம் பிள்ளைகளை ஆய்க்குடிக்கு வரச் சொல்வதோடு நிற்கவில்லை. பயிற்சி பெற்ற பெண்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போகிறார்கள். கையில் உள்ள தொலைபேசியில் பிள்ளையின் நிலையைப் பதிந்தால், தூரத்தில் இருக்கும் நிபுணர் பார்த்து அடுத்து என்ன பயிற்சி என்று சொல்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போக முடியாத தாய்க்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்னும் சிற்றூரில் 1969-இல் தொடங்கிய முறையும் ஏறக்குறைய இதுதான். வாரம் ஒரு முறை ஆசிரியை வீட்டுக்கு வருவார்; அந்த வாரத்துக்கு வேண்டிய ஒரு சிறு பழக்கத்தைத் தாய்க்குச் செய்து காட்டுவார். கரண்டி பிடிப்பதாக இருக்கலாம், பந்தை உருட்டித் திருப்பித் தருவதாக இருக்கலாம். மற்ற நாளெல்லாம் தாயே ஆசிரியை. பின்னர் அந்த முறை உலகத்தின் பல நாடுகளுக்குப் பரவியது.

ஒரு கடைக்காரன் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். நிலையத்தில் பிள்ளை பத்து மணி நேரம் இருந்தால், மீதி 158 மணி நேரம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் கற்றதை மீதி நேரத்தில் வீட்டில் யாரும் தொடவில்லையென்றால், பகலில் போட்ட சரக்கை இரவில் எலி தின்ற கதைதான். குளிக்க வைக்கும்போது, சோறூட்டும்போது, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பயிற்சி நடக்க வேண்டும். பெற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்காமல் பிள்ளைக்கு மட்டும் கற்றுக்கொடுக்கும் திட்டம் அரைத் திட்டம்.

இங்கே தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியிலும் நிலையங்களிலும் பாருங்கள், பெரும்பாலும் தாய் மட்டும்தான் நிற்கிறாள். கேட்டால் கடையைப் பார்க்க ஆள் இல்லை என்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழ வைக்கும்போது நீட்டி ஓத நினைத்தும், பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். தொழுகையையே சுருக்கினார்கள்! நாம் வியாபாரத்தை இரண்டு மணி நேரம் சுருக்கினால் என்ன குறைந்துவிடும்? கடையில் நம்மிடம் வேலை செய்கிறவருக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்த நாளில் சம்பளம் பிடிக்காமல் அவரை அனுப்புவது முதலாளிமாரின் கடமை. இதற்குச் சங்கத்தின் தீர்மானம் எதுவும் தேவையில்லை. நாளைக்கே செய்யலாம்.

இனி மொழி விஷயம். இது எனக்கு நெடுநாளாக மனத்தை உறுத்துவது. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றதும் வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், ஆங்கிலம் ஒன்றே போதும் என்று சில இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? ஆங்கிலம் தெரியாத பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். தாய் தனக்குத் தெரிந்த பத்து இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு தடுமாறுகிறாள். கதையும் தாலாட்டும் கொஞ்சலும் வீட்டை விட்டுப் போய்விடுகின்றன. பேச்சு தேவைப்படும் பிள்ளைக்கு வீடே ஊமையாகிறது! ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் டௌன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையும் வைத்துப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு மொழி வீட்டில் வளர்வதால் இவர்கள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்குவதாகக் காணவில்லை. தாய்க்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில் நிறையப் பேசுவதே பிள்ளைக்கு நல்லது. நிலையத்தில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பதைத் தாய்க்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் சங்கத்திலிருந்து போகலாமே!

நபி மூஸா (அலை) அவர்களின் நாவில் ஒரு முடிச்சு இருந்ததைத் திருமறை நமக்கு அறிவிக்கிறது. பிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது, நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும், கூடவே தம் வீட்டாரிலிருந்தே சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரும்படியும் கேட்டார்கள். இரண்டையும் அல்லாஹ் கொடுத்தான். பேச்சில் தடையிருந்தவரை அவன் தூதுப் பணியிலிருந்து நீக்கவில்லை. அவருடைய வீட்டிலிருந்தே ஒரு துணையைச் சேர்த்து அனுப்பினான்.

அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களின் சரித்திரமும் தெரிந்ததுதான். கண் தெரியாத அந்தத் தோழரைக் குறித்து ஒரு சூரா தொடங்குகிறது. பிற்காலத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் போகும்போது மதீனாவில் தம் இடத்தில் அவரை நியமித்துப் போனதுண்டு. ஆனால் என்னை மிகவும் தொடுவது வேறு ஒன்று. ரமலானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும். அதற்குப் பிறகும் சஹர் உண்ணலாம். இப்னு உம்மு மக்தூமின் பாங்கு கேட்டால்தான் நிறுத்த வேண்டும். அதாவது, பொழுது விடிந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு, விடியலைப் பார்க்க முடியாத ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது! எப்படிச் செய்தார்? பக்கத்தில் இருப்பவர்கள் அவரிடம், விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று சொல்வார்கள். உடனே எழுந்து பாங்கு சொல்வார். அந்தப் பக்கத்து மனிதர்களின் பெயர் எந்தக் கிதாபிலும் எனக்குத் தட்டுப்படவில்லை. அவர்கள் பாங்கைத் தாங்களே சொல்லிவிட்டுப் போகவில்லை. அவரை வீட்டில் உட்காரச் சொல்லவும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்ட ஒரு வார்த்தையை, தேவைப்பட்ட நேரத்தில் சொன்னார்கள்.

நம் சங்கம் அந்தப் பக்கத்து மனிதராக இருக்கட்டும் என்பதே என் யோசனை. முதலில், இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்த தாய்மார் நான்கைந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நிர்வாகக் குழுவினர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எந்த நாளில் எந்த இடத்தில் தவித்தீர்கள், யார் என்ன செய்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்று அவர்களே சொல்லட்டும். அதற்கு முன் திட்டம் எழுத வேண்டாம். அந்தத் தாய்மாரில் மனமுள்ளவர்கள், புதிதாக இந்தப் பாதையில் கால் வைக்கும் பெண்ணுக்குக் கூடப் போகட்டும். ஆங்கிலம் தெரிந்த நம் இளம் பெண்கள் படிவம் நிரப்பவும் தொலைபேசியில் பேசவும் முன்வரட்டும். மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சோதனை நாளைத் தவறவிட்ட குடும்பம் எனக்குத் தெரியும். அந்த ஒரு பகலுக்குப் பக்கத்து வீட்டார் போதும். திரட்டும் நிதியை டாக்சிக்கும், சலுகை கிடைக்காத பிள்ளைகளின் கட்டணத்துக்கும் வைக்கலாம்.

பள்ளிவாசலில் இத்தகைய பிள்ளை சத்தம் போட்டால் திரும்பி முறைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே தொழ வைத்த நாயகத்தின் (ஸல்) உம்மத்து நாம். குர்ஆன் மதரஸாவில் ஒரு மூலையும் பொறுமையுள்ள ஓர் உஸ்தாதும் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். அலிப் ஓர் எழுத்தைக் கற்க ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.

சோதனைக்குப் போகும் தாய்மாருக்கு: சுகாதாரப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்லும் வார்த்தைகளை, தமிழாக இருந்தாலும் மழலையாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை எதுவும் செய்யாமல் சுருண்டுகொள்ளும். ஆகவே வீட்டில் விளையாடுவதையும் சாப்பிடுவதையும் முன்னதாகவே கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருங்கள். தமிழில் பேசத்தான் எனக்கு வரும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். கூட வர ஆள் வேண்டுமானால் சங்கத்தில் கேளுங்கள். தேக்காப் பக்கம் வருகிறவர்கள் என் கடையிலும் சொல்லலாம். அஸருக்குப் பிறகு கூட்டம் குறைவாக இருக்கும், பெண்கள் தாராளமாக வந்து என் வீட்டாரிடம் பேசலாம்.

வஸ்ஸலாம்.